செத்துப்போன மாதிரி நடிக்கும் செடி!

ஒரு சின்ன ஜி.கே. கேள்வி. தமிழ்நாட்டின் மாநிலப் பூ எது?

‘மல்லிகை’ என்று கத்தியவர்கள், ‘தாமரை’ என்று முனகிவிட்டுப் பக்கத்து பெஞ்ச்சைப் பார்த்தவர்கள், ‘குறிஞ்சி’ என்று செம கான்ஃபிடன்ஸோடு கை தூக்கியவர்கள்... எல்லோரும் உட்காருங்க. விடை, செங்காந்தள். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற நண்பர்கள் மட்டும் கரெக்டா சொல்லியிருப்பீங்க. சரி, உங்களுக்கு அடுத்த கேள்வி: அந்தப் பூவை நேரில் பார்த்திருக்கீங்களா?

பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டீங்க. மீதிப் பேர் பார்த்திருப்பீங்க, ஆனா பெயர் தெரியாமலே தாண்டிப் போயிருப்பீங்க. மழைக்காலத்தில் பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது, வேலியோரப் புதரில் திடீர்னு நாலு தீக்கொழுந்து தலைகீழா எரிகிற மாதிரி ஒரு பூ கண்ணில் பட்டு மறைஞ்சிருக்குமே... அதேதான் பாஸ்!

இந்த வாரம் அந்தச் செடியை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வர்றதைப் பற்றித்தான் பேசப் போறோம். ஒரே ஒரு கண்டிஷன். கட்டுரையின் பாதியை மட்டும் படிச்சுட்டு நர்சரிக்கு ஓடக்கூடாது. ஏன்னு நீங்களே புரிஞ்சுக்குவீங்க.

நெருப்பைத் தொட்டிக்குள் வைத்தால்...

செங்காந்தளின் தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர். ‘குளோரியோசா’ என்றால் புகழ் மிக்கது, ‘சூப்பர்பா’ என்றால் அட்டகாசமானது. ஒரு பெயர் போதாதுன்னு ரெண்டாவதிலும் பாராட்டித் தள்ளியிருக்கிறார் மனுஷன்.

பூவைப் பார்த்தால் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று தெரியும். ஆறு இதழ்கள். ஓரமெல்லாம் அலை அலையாக நெளிந்திருக்கும். பூ தரையைப் பார்த்துத் தொங்கும். இதழ்களோ நேரெதிராகப் பின்னால் வளைந்து வானத்தைப் பார்க்கும். மொட்டு பச்சை, விரியும்போது மஞ்சள், நுனியில் சிவப்பு எட்டிப் பார்க்கும், பிறகு ஆரஞ்சு, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் வேறு வேறு வயசுப் பூக்கள் இருப்பதால், ஒரே நேரத்தில் எல்லா நிறத்தையும் பார்க்கலாம்.

நம்ம ஆட்கள் இதற்கு வைத்த பெயர்களைப் பாருங்க. கார்த்திகை மாதத்தில் பூத்துக் குலுங்குவதால் கார்த்திகைப்பூ. ஈழத்தில் இந்தப் பெயர்தான் பிரபலம். மண்ணுக்கடியில் கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. கொங்குப் பக்கம் விவசாயிகளிடம் கேட்டால் கண்வலிக்கிழங்கு. பழைய இலக்கியத்தில் தோன்றி, காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார் இல்லையா? பிளஸ் டூவில் பயமுறுத்திய அதே லிஸ்ட்தான். அதில் முதல் பூவே செங்காந்தள். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் ரோல் நம்பர் 1! சங்கப் புலவர்கள் பெண்களின் விரல்களை இந்த இதழ்களோடு ஒப்பிட்டு வைத்திருக்கிறார்கள்.

புகழ் நம்ம ஊரோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்காவிலும் இது சொந்த மண்ணின் செடி. ஜிம்பாப்வேயின் தேசியப் பூவும் இதுதான். 1947-ல் அப்போதைய இளவரசி எலிசபெத்தின் 21-வது பிறந்தநாளுக்கு, அன்று தெற்கு ரொடீசியா என்று பெயர் இருந்த அந்த நாட்டிலிருந்து, இந்தப் பூ வடிவில் ஒரு வைர ப்ரூச் பரிசாகப் போனது. ஆஸ்திரேலியாவில் கதையே வேறு. அலங்காரத்துக்குக் கொண்டுபோன செடி, கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் தப்பித்துப் பரவி, ‘களை’ என்று பெயர் வாங்கிவிட்டது. ஒரு ஊரில் ஹீரோ, இன்னொரு ஊரில் வில்லன்.

வருஷா வருஷம் ரீ-என்ட்ரி

பூச்செடிகளில் ரெண்டு டைப் உண்டு. ஒரே சீசனில் முளைத்து, பூத்து, விதை போட்டு, கதையை முடித்துக்கொள்வது ஆனுவல். காசித்தும்பை, ஜினியா எல்லாம் இந்த ரகம். செமஸ்டர் மாதிரி, வரும், போகும், அடுத்தது புதுசா ஆரம்பிக்கணும். இன்னொன்று பெரனியல், பல்லாண்டுச் செடி. செம்பருத்தி, மல்லிகை மாதிரி கட்டைத் தண்டோடு வருஷம் முழுக்க நிற்பதும் பெரனியல்தான். ஆனால் அதிலேயே ஒரு சுவாரஸ்யமான கூட்டம் இருக்கு. தரைக்கு மேலே இருப்பதையெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமா துறந்துவிட்டு, மண்ணுக்குள் போய்த் தூங்கிவிட்டு, மறுபடி எழுந்து வரும் கூட்டம்.

குளிர் நாட்டுத் தோட்டங்களில் இந்தக் கூட்டத்துக்குத்தான் மவுசு. மெடோ ரூ என்று ஒரு செடி. புகை மாதிரி மெல்லிய பூங்கொத்து வைக்கும். குளிர்காலம் வந்தால் மேலே ஒன்றுமே இருக்காது, வசந்தத்தில் அதே இடத்தில் மறுபடி முளைக்கும். அந்த ஊர்க்காரர்கள் ‘செடி போச்சே’ என்று அழுவதில்லை. தூங்குது, வரும் என்று தெரியும்.

நம்ம ஊரில் பனியா கொட்டுது? இங்கே எதிரி குளிர் இல்லை, கோடை. அதனால் நம்ம செங்காந்தள் வெயில் காலத்தில் தூங்குகிறது. மழை வாசனை வந்ததும் எழும். ஐப்பசி, கார்த்திகையில் ஜொலிக்கும். பிறகு காயும். தை, மாசிக்கு மேல் ஆள் அட்ரஸே இருக்காது. ‘தோன்றி’ என்ற பழைய பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்க. ஒன்றுமில்லாத தரையிலிருந்து தோன்றுகிறது.

இதில்தான் பிரச்னையும் இருக்கு. பங்குனியில் ஒரு தொட்டியைப் பார்க்கிறீங்க. வெறும் மண், காய்ந்த ஒரு குச்சி. என்ன செய்வீங்க? ‘செத்துப்போச்சு’ என்று கவிழ்த்துவிடுவீங்க. அம்மா அதில் கொத்தமல்லி தூவிவிடுவார்கள். காலேஜாக இருந்தால் ஆண்டு விழாவுக்கு முன்னாடி ‘க்ளீனிங்’ என்ற பெயரில் தொட்டி காலி. உள்ளே உயிரோடு இருக்கிற கிழங்குக்குத் தன் பக்க நியாயத்தைச் சொல்ல வாய் கிடையாதே!

இப்போ சீரியஸா ஒரு விஷயம்

கட்டுரையின் பாதியில் ஓடாதீங்க என்றேனே, அது இதற்காகத்தான்.

செங்காந்தளின் எல்லாப் பகுதியும் விஷம். இலை, தண்டு, பூ, காய், விதை, கிழங்கு... எதற்கும் விதிவிலக்கு கிடையாது. காரணம், அதில் இருக்கும் கோல்ச்சிசின் என்ற ஆல்கலாய்டு. வேகவைத்தால் போய்விடும் என்று நினைக்காதீங்க, போகாது. இலங்கையிலும் இங்கேயும் நடந்த விபத்துகளில் ஒரு பகுதி, இந்தக் கிழங்கைச் சாப்பிடுகிற வள்ளிக்கிழங்கு என்று தவறாக நினைத்து சமைத்ததால் வந்தவை.

இந்த விஷத்தின் மோசமான குணம், உடனே தன்னைக் காட்டிக்கொள்ளாதது. தெரியாமல் சாப்பிட்டவருக்குச் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆரம்பித்து, உள் உறுப்புகள் ஒவ்வொன்றாக அடி வாங்கும். சர்வசாதாரணமாகக் கையில் கிடைக்கிற மாற்று மருந்தும் கிடையாது. அதனால் ஒரு குழந்தை கடித்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே போதும், ‘நல்லாத்தானே விளையாடுது’ என்று காத்திருக்கக் கூடாது. கை வைத்தியம் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது செடியின் ஒரு துண்டையும் கவரில் போட்டு எடுத்துட்டுப் போங்க. டாக்டருக்கு அது பெரிய உதவி.

ஆக, யார் வளர்க்கக் கூடாது?

வீட்டில் எதை எடுத்தாலும் வாயில் வைக்கிற வயசுக் குழந்தை இருந்தால், வேண்டாம். மண்ணைத் தோண்டுகிற நாய்க்குட்டி, எதையும் மேய்கிற ஆடு இருந்தால், வேண்டாம். நாலு பேர் வந்து போகும் ஹாஸ்டல் வராந்தா, யார் கண்காணிப்பும் இல்லாத பொது இடம், வேண்டவே வேண்டாம். இவர்களுக்கெல்லாம் கல்வாழை இருக்கு, சம்பங்கி இருக்கு. அவையும் மண்ணுக்குள்ளிருந்து வருஷா வருஷம் திரும்பி வருகிற செடிகள்தான், இந்த ஆபத்து இல்லாமல். செங்காந்தள் கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகி அந்தக் குழந்தை ஸ்கூலுக்குப் போகிற வரைக்கும் காத்திருக்கும். அதுக்கு ஒண்ணும் அவசரமில்லை.

மீதி இருப்பவர்களுக்கு, அதாவது பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு, பூட்டக்கூடிய மொட்டை மாடி வைத்திருப்பவர்களுக்கு, தாராளமாக ஓகே. வீட்டில் எல்லோருக்கும் இது என்ன செடி என்று சொல்லிவிட்டு வளருங்க. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லோருக்கும்தான். ‘கிழங்கு நல்லா இருக்கே’ என்று யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாது.

வெங்காய வேரும் விதையில்லாத் தர்பூசணியும்

விஷம் என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் செடிக்கு அநியாயம் செய்ததாகிவிடும். பாட்டனி, பயோடெக் மாணவர்களே, வெங்காய வேர் நுனியை வைத்து செல் பிரிதல் பார்க்கும் பிராக்டிகல் ஞாபகம் இருக்கா? குரோமோசோம்கள் பளிச்சென்று தெரிவதற்காக வேரை முன்கூட்டியே ஊறவைக்கப் பயன்படும் ரசாயனங்களில் ஒன்று இதே கோல்ச்சிசின்.

அது என்ன செய்கிறது? செல் ரெண்டாகப் பிரியும்போது, இரட்டிப்பான குரோமோசோம்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்க நுண்குழல் கயிறுகள் உருவாகும். கோல்ச்சிசின் அந்தக் கயிறுகளைக் கட்டவே விடாது. பிரசவ வார்டில் பாதி வழியில் கரன்ட் போன மாதிரி எல்லாம் அப்படியே நின்றுவிடும். நம் உடம்பில் குடல், எலும்பு மஜ்ஜை, தலைமுடி வேர் எல்லாம் ஓயாமல் செல் பிரிந்துகொண்டே இருக்கும் இடங்கள். அதனால்தான் இந்த விஷம் முதலில் அங்கே கை வைக்கிறது. பிழைத்து வந்தவர்களுக்கு முடி கொட்டுவதும் இதனால்தான்.

அதே குணத்தை மனுஷன் வேலைக்கும் வைத்துக்கொண்டான். 1820-ல் பெல்த்தியே, கவாந்து என்ற ரெண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள், செங்காந்தளின் ஐரோப்பிய உறவுக்காரச் செடியான கோல்ச்சிகத்தை ஆராய்ந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1937-ல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீயும் ஏவரியும், கோல்ச்சிசின் கொடுத்தால் செடியின் குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பாகும் என்று காட்டினார்கள். குரோமோசோம் இரட்டிக்கும், ஆனா செல் பிரியாது. எல்லாம் ஒரே செல்லுக்குள் தங்கிவிடும். அந்த வித்தையை வைத்து ஜப்பானின் ஹிட்டோஷி கிஹாரா விதையில்லாத் தர்பூசணியை உருவாக்கி 1951-ல் வெளியிட்டார். இன்றைக்குக் கோடையில் ஜூஸ் கடையில் விதை துப்பாமல் சாப்பிடுகிற பழத்தின் பூர்வீகம் அது.

மருந்தாகவும் தான். கவுட் என்ற மூட்டு வாதத்துக்கு டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரைகளில் கோல்ச்சிசின் ரொம்பப் பழைய ஆள். 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதயநோய் ஆபத்தைக் குறைக்கவும் மிகக் குறைந்த அளவில் இதற்கு அனுமதி கொடுத்தது. மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி இதில் மிக மிகக் குறைவு. அதனால் ‘மூலிகைதானே, இயற்கைதானே’ என்று வீட்டில் யாராவது கிழங்கை அரைக்கக் கிளம்பினால், தடுக்க வேண்டியது இந்தப் பக்கத்தைப் படித்த நீங்கதான்.

சரி, நடலாமா?

கிழங்கு: மலையில், காட்டில் போய்த் தோண்டாதீங்க. மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் காட்டுச் செங்காந்தள் குறைந்துவிட்டது. நர்சரியில் கேளுங்க. இல்லை என்றால் பயிர் செய்யும் விவசாயிகளிடம் கிடைக்கும். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கமும், ஜெயங்கொண்டம், வேதாரண்யம் பக்கமும் இது வயல் பயிர். 50 முதல் 60 கிராம் எடையுள்ள கெட்டியான கிழங்கு நல்லது. V எழுத்து மாதிரி இருக்கும். முளைக்கும் கண், கிளையின் நுனியில் மட்டும்தான். நுனி ஒடிந்துவிட்டால் அந்தத் துண்டு கல்லுதான், முளைக்காது. கிழங்கு சட்டென்று முறியும், முட்டை மாதிரி கையாளுங்க.

காலம்: ஆனி, ஆடி. அதாவது ஜூன், ஜூலை.

தொட்டி: 12 இன்ச்சுக்குக் குறையாத அகலமும் ஆழமும். அடியில் ஓட்டை கட்டாயம். செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. களிமண் வேண்டாம். இந்தச் செடி தாகத்தில் சாவதைவிட, தேங்கிய தண்ணீரில் கிழங்கு அழுகிச் சாவதுதான் அதிகம்.

நடுவது: கையுறை போட்டுக்கோங்க. கிழங்கைப் படுக்கை வசத்தில், 5, 6 செ.மீ. ஆழத்தில் வைத்து மூடுங்க. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். மிச்சக் கிழங்கு சமையலறைப் பக்கமே போகக் கூடாது. பையில் போட்டு, பெயரும் ‘விஷம்’ என்பதும் எழுதி, தனியாக வையுங்க.

பந்தல்: இது கொடி. ஆனால் அவரை மாதிரி தண்டைச் சுற்றி ஏறாது. இலையின் நுனியே சுருண்டு, கையாக மாறி எதையாவது பிடித்துக்கொள்ளும். இலையாலேயே கை பிடிக்கிற செடி! அந்தக் கை சின்னது. தடிமனான மூங்கிலைப் பிடிக்க முடியாது. சணல் கயிறு, மெல்லிய வலை, காய்ந்த விளார் மாதிரி ஒல்லியாகக் கொடுங்க. வயலில் விவசாயிகள் கிளுவை, விராலி மாதிரி செடிகளை வளர்த்து அதன் மேல் ஏற்றிவிடுவதும் இதற்காகத்தான். பந்தலை நடும்போதே போட்டுவிடுங்க. முளைத்த பிறகு குச்சியைக் குத்தினால் கிழங்கில் பாயும்.

வெயில், தண்ணீர்: அரை நாள் நல்ல வெயில் போதும். மேல் மண் காய்ந்ததும் தண்ணீர். முளை வர சில வாரங்கள் ஆகலாம், தினமும் தோண்டிப் பார்க்காதீங்க. ரிசல்ட் வந்துடுச்சான்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை வெப்சைட்டை ரெஃப்ரெஷ் பண்றதால மார்க் கூடுவதில்லை.

வில்லன்: கறுப்பு உடம்பில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகளோடு ஒரு கம்பளிப்புழு வரும். அதன் விஞ்ஞானப் பெயரே பாலிடெலா குளோரியோசே, செடியின் பெயரையே இனிஷியலாகப் போட்டுக்கொண்ட பார்ட்டி. மனுஷனைக் கொல்லும் இலையை மூணு வேளையும் ஜாலியாகச் சாப்பிடும். நாலு வருஷம் மெஸ் சாப்பாட்டில் ஓட்டியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஒரு வாரம் கவனிக்கவில்லை என்றால் கொடியில் நரம்புதான் மிச்சம். காலையில் குச்சியால் தட்டி எடுத்துவிடுவதே போதும்.

பூ, காய்: பூவின் நடுவில் சூல்தண்டு செங்கோணத்தில் ஒரு பக்கமாகத் திரும்பி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். பட்டாம்பூச்சி மாதிரி யாராவது வந்து ஒட்டவைத்தால்தான் காய். வயல்களில் காலை நேரத்தில் விவசாயக் குடும்பங்கள் பூப்பூவாகப் போய்க் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். ஏனென்றால் அவர்களுக்குக் காசு பூவில் இல்லை, விதையில். மருந்துக் கம்பெனிகள் கோல்ச்சிசின் எடுக்க அந்த விதையைத்தான் வாங்குகின்றன. விலை ஏறினால் கொண்டாட்டம், இறங்கினால் திண்டாட்டம். விதை வேண்டாம் என்றால், பூ வாடியதும் கிள்ளிவிடுங்க. காய் வெடித்தால் உள்ளே ஆரஞ்சு சிவப்பில் மணிமணியாக விதை தெரியும். மிட்டாய் மாதிரியே இருக்கும். ஆபத்து அங்கேதான்.

தூங்கும்போது தொந்தரவு செய்யாதீர்

மார்கழி, தை வாக்கில் இலை மஞ்சளாகும். இங்கேதான் நல்ல மனசுக்காரர்கள் எல்லோரும் தப்பு செய்வார்கள். ‘ஐயோ வாடுதே’ என்று ரெண்டு மக் தண்ணீர் கூடுதலாக ஊற்றுவார்கள். கூடுதல் உரம் போடுவார்கள். அது பாசத்தால் செய்கிற கொலை. மஞ்சளாவது வியாதி இல்லை, விடைபெறுவது. இலையில் இருக்கும் சத்தையெல்லாம் செடி கீழே இறக்கிக் கிழங்கில் சேமித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீரைக் குறைங்க. முழுசாகக் காய்ந்ததும் நிறுத்திடுங்க. பச்சையாக இருக்கும்போது கொடியை வெட்டாதீங்க. காய்ந்தபின் எடுத்து, ஆடுமாடு வாய்க்குப் போகாமல் அப்புறப்படுத்துங்க.

தொட்டியை மழை படாத நிழலில் ஓரமாக வையுங்க. முக்கியமாக, ஒரு அட்டையில் எழுதிக் குத்தி வையுங்க: ‘சாகவில்லை. தூங்குகிறது. ஆனியில் எழுப்பவும். விஷக்கிழங்கு, தொடாதீர்.’ அம்மாவின் கொத்தமல்லியிலிருந்து காப்பாற்ற வேறு வழியில்லை. விஷக்கிழங்கு இருக்கிற தொட்டியில் சாப்பிடுகிற கீரை வளரக்கூடாது என்பதற்கும் அந்த அட்டை உதவும்.

ஆனியில் மண்ணைக் கொட்டிப் பார்த்தால் ஒரு ஆச்சரியம் இருக்கும். நீங்க போன வருஷம் நட்ட கிழங்கு அங்கே இருக்காது. சுருங்கி, தோலாகியிருக்கும். பக்கத்தில் புதுசாக, வழவழவென்று, இன்னொரு V. போன வருஷக் கிழங்கு தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்து இலையாகி, பூவாகி, அந்த இலைகள் வெயிலில் சம்பாதித்துப் புதுக் கிழங்கைக் கட்டிவிட்டுப் போயிருக்கின்றன. வருஷா வருஷம் திரும்பி வருவது அதே செடிதான், ஆனால் அதே கிழங்கு இல்லை. இதுக்கு மேலே தத்துவம் பேசினால் பேப்பரைத் திருப்பிடுவீங்க. அந்தப் புது V-யைக் கண் ஒடியாமல் எடுத்து, புது மண்ணில் நடுங்க. அவ்வளவுதான்.

மூணு வருஷப் படிப்பு

கடைசியா, ஃபர்ஸ்ட் இயர் மக்களுக்கு மட்டும் ஒரு ரகசியம்.

செங்காந்தளை விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் யாரும் செய்வதில்லை. காரணம், விதை தாறுமாறாக, சோம்பேறித்தனமாக முளைக்கும். முளைத்த பிறகும் பூ வர மூணு நாலு வருஷம் ஆகும். முதல் வருஷம் புல் மாதிரி ஒரு கீற்று, மண்ணுக்குள் குட்டிக் கிழங்கு, அவ்வளவுதான். அதுவும் கோடையில் காணாமல் போகும். ரெண்டாம் வருஷம் கொஞ்சம் பெரிய கீற்று. மறுபடி காணாமல் போகும். ஊரில் எல்லோரும் ‘என்னப்பா, வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்துறே?’ என்று கேட்பார்கள்.

நமக்குப் பழக்கமான கேள்விதானே? ஒரு செமஸ்டர் போயிட்டா, ஒரு இன்டர்வியூ போயிட்டா, ஆறு மாசம் எதுவும் வெளியே தெரியலைன்னா, ‘அவ்வளவுதான் இவன், முடிஞ்சுது’ என்று தொட்டியைக் கவிழ்க்க ரெடியாக நாலு பேர் நிற்பார்கள். சில சமயம் அந்த நாலு பேரில் நாமும் ஒருத்தர், அடுத்தவங்க தொட்டி முன்னாடி. மேலே பச்சை இல்லை என்பதற்காக உள்ளே உயிர் இல்லை என்று அர்த்தமில்லை. தோண்டிப் பார்க்காமல் சொல்லவும் முடியாது, அடிக்கடி தோண்டினால் நுனி ஒடிந்துவிடும்.

இந்த ஆடியில் நாலைந்து விதையை ஒரு தொட்டியில் போட்டுவிட்டு, தேதியை அட்டையில் எழுதி வையுங்க. டிகிரி முடிக்கிற நேரத்தை ஒட்டி முதல் பூ வரலாம். கொஞ்சம் லேட்டானாலும் ஒண்ணுமில்லை. அரியர் வெச்சும் பாஸ் பண்ணலாம்!